செல்லத்துக்குப் பதினெட்டு டிகிரி

எங்கள் புக்கிட் பாத்தோக் வீட்டு ஹாலில் ஏர்கான் கிடையாது. படுக்கையறையில் ஒன்று உண்டு. அதையும் படுக்கும்போது போட்டு, தூக்கம் வந்ததும் அணைத்துவிட வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். தூங்கிப்போனவள் எப்படி எழுந்து அணைப்பது என்று கேட்டால், அதற்குத்தான் டைமர் என்பார். சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் சேஃப்டி சூப்பர்வைசராகவே காலத்தைக் கழித்தவர். எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வைத்திருப்பார். எல்லாச் சட்டமும் எனக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஐம்பதைத் தாண்டியதும் என் உடம்பு தானாகக் கொதிக்க ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருப்பேன். திடீரென்று கழுத்தில் தொடங்கி உச்சந்தலை வரைக்கும் திகுதிகுவென்று எரியும். ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மாதவிலக்கு நிற்கிற காலத்தில் வருகிற சூடு, போகப்போகச் சரியாகிவிடும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். சரியாகிற வரைக்கும் ஹாலில் ஒரு ஏர்கான் போடலாமே என்று இவரிடம் கேட்டேன். இவர் எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்தார்.

"புக்கிட் பாத்தோக் காத்து எப்படி வருது பாரு. பக்கத்துல காடு, அந்தப் பக்கம் மலை. இந்தக் காத்துக்கு மத்தவன் ஏங்குறான் லா. உனக்கு ஏர்கான் கேக்குதா?"

வந்தது காற்று இல்லை. கீழே காப்பிக்கடையில் மீன் பொரிக்கிற வாசனை. இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஜன்னல்தான் திறந்தது. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன். மறந்துவிட்டேன் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே, மேற்பார்வை பார்க்க ஆள் இல்லாமல் இவருக்குக் கை அரித்தது. சமையலறைக்குள் வந்து நின்று, எண்ணெய்ச் சட்டியின் கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு வகுப்பெடுத்தார். நான் தரை துடைத்தால் பின்னாலேயே வந்து, ஈரத்தில் வழுக்கி விழுவதால் வரும் கேடுகளைச் சொன்னார். கல்யாணமாகி சுவா சூ காங்கில் இருக்கும் எங்கள் மகளிடம் புலம்பினேன். "அப்பாவுக்கு ஒரு ஹாபி வேணும்மா, இல்லன்னா உங்களத்தான் ஹாபியா வெச்சுக்குவாரு" என்றாள். அரோவானா மீன் வளர்த்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று இவருடன் வேலை பார்த்த சீன நண்பர் ஒருவர் எப்போதோ சொல்லியிருந்தார். போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, அதை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். அரைநாள் நிம்மதி கிடைக்கிறதே என்று நானே குடையை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

திரும்பி வந்தவர் கையில் இருந்தது அரோவானா இல்லை. பையில் தண்ணீர், தண்ணீருக்குள் வெளிறிப்போன ஒரு ஜந்து. பல்லிக்கு இருப்பதுபோல் நாலு குட்டிக் கால், ஒரு வால். தலைக்கு இரண்டு பக்கமும் முந்தானைக் குஞ்சம் மாதிரி சிவப்பாக எதுவோ தொங்கிக்கொண்டிருந்தது. அது செவுளாம்.

"என்னங்க இது?"

"ஆக்ஸலாட்டல்."

"அப்படின்னா?"

"மீன் மாதிரி. ஆனா மீன் இல்ல. மெக்சிகோக்காரன்."

"இத எதுக்கு வாங்குனீங்க?"

"என்னைப் பாத்துச் சிரிச்சுச்சு."

அதன் வாய் அமைப்பே அப்படி. பசித்தாலும் சிரிக்கும், வயிறு வலித்தாலும் சிரிக்கும். இந்த வீட்டில் முப்பது வருடத்துக்கு மேலாக ஒருத்தி இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்காக யாரும் மயங்கியதாக எனக்கு நினைவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். இவர் கடைக்குப் போய்த் தேடி எடுத்து வந்து விட்டுக்கொண்டார், அதுவும் என் மடியில்.

அன்று சாயங்காலமே போனில் படித்துப் படித்து எனக்குப் பாடம் நடத்தினார். காலை வெட்டினால் கால் முளைக்குமாம். கடைசி வரைக்கும் குட்டியாகவே இருக்குமாம். "வயசு மட்டும் ஏறும். ஆனா பெரிய ஆளா மாறவே மாறாது. உலக அதிசயம்மா!" என்றார்.

"இதுல என்ன அதிசயம்? கல்யாணம் கட்டின எல்லாப் பொம்பளைக்கும் தெரிஞ்ச விஷயம்தானே" என்றேன். இவர் காதில் விழவில்லை. தொட்டிக் கண்ணாடியில் மூக்கை வைத்து, "செல்லம், இங்க பாரு, செல்லம்" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதே இல்லை. பெற்ற மகளைக்கூட இவர் 'இந்தா, இங்க வா' என்று சைட்டில் வேலைக்காரரைக் கூப்பிடுவதுபோல்தான் கூப்பிடுவார்.

மறுநாள்தான் விஷயம் புரிந்தது. செல்லம் குளிர் தேசத்துப் பிறவி. தண்ணீர் பதினெட்டு டிகிரியைத் தாண்டக்கூடாது. நம்ம ஊரில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் வருகிறது. ஆகவே தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் என்ற ஒரு பெட்டி வந்தது. ஜன்னலைத் திறந்து மலைக்காற்றை ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "உனக்கு எல்லாமே விளையாட்டு. உயிரும்மா அது, துடிச்சுப் போயிடும்" என்றார்.

நான் என்ன, ஜடமா?

அந்தப் பெட்டியின் லட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். அது தண்ணீரிலிருக்கிற சூட்டை உறிஞ்சும். உறிஞ்சின சூட்டை எங்கேயாவது கொட்டியாக வேண்டுமல்லவா? பக்கவாட்டில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியே ஊதும். எங்கள் ஹாலில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சோஃபா. அதன் ஓரத்தில்தான் நான் உட்காருவேன். அங்கிருந்தால் டிவியும் தெரியும், அடுப்பிலிருக்கிற குக்கரும் தெரியும். பிளக் பாயிண்ட் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று தொட்டியையும் பெட்டியையும் என் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். பெட்டி உறுமத் தொடங்கினால் அனல் காற்று நேராக என் கழுத்தில் வந்து அடிக்கும். உள்ளே இருக்கிற சூடு போதாதென்று, மெக்சிகோக்காரனின் சூடும் எனக்கே.

"சூடா அடிக்குதுங்க" என்று முதல் நாளே சொன்னேன்.

"சேஃப்டி டிஸ்டன்ஸ் விட்டுத்தான் வெச்சிருக்கேன்" என்றார், டிவிக்கு எதிரே தன் சாய்வு நாற்காலியில் காலை நீட்டியபடி.

"உங்க நாற்காலிக்குப் பக்கத்துல வைங்களேன்."

"அங்க ஒயர் எட்டாது. உனக்கு வேணும்னா நீ இடம் மாத்தி உக்காரு."

நான் எதற்கு மாற வேண்டும்? செல்லம் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்து நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். ஒரு நாளாவது இந்த மனுஷன் திரும்பிப் பார்த்து, 'ஏன் இப்படி வேர்க்குது உனக்கு' என்று கேட்கிறாரா பார்ப்போம் என்று எனக்குள் ஒரு வீம்பு. கேட்கவில்லை. தொட்டியில் ஒட்டியிருந்த வெப்பமானியை மட்டும் வேளை தவறாமல் பார்த்தார்.

தீபாவளிக்கு இவருடைய அண்ணன் வந்தார். தொட்டியைப் பார்த்ததும், "என்ன தம்பி, பல்லிய காசு குடுத்து வாங்கி வெச்சிருக்க?" என்றார். என் மனசில் இருந்ததைச் சொன்னதற்காக அவருக்கு இரண்டு அதிரசம் கூடுதலாக வைத்தேன்.

இந்த அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என் நட்சத்திரம் கேட்டை. கேட்டையில் பிறந்த பெண் மூத்த மைத்துனருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. பெண் பார்க்க வந்த கையோடு, 'மூத்தவன் உயிருக்கு யார் பொறுப்பு' என்று இவர் வீட்டில் ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். கல்யாணம் மாதக்கணக்கில் இழுத்தது. தேக்காவில் ஒரு ஜோசியர், சிலேத்தாரில் ஒரு ஜோசியர் என்று என் ஜாதகம் ஊர் சுற்றியது. கடைசியில் ஏதோ பரிகாரம் செய்து தாலி கட்டினார்கள். அந்த அண்ணன் இன்றைக்கும் எழுபதைத் தாண்டி, ஆட்டுக்கால் எலும்பைக் கடித்துத் துப்புகிற பல்லோடு நன்றாக இருக்கிறார். அப்படி ஊரே அலசிக் காயப்போட்ட நட்சத்திரம் என்னுடையது.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் செல்லத்துக்கு உடம்பு கெட்டது. செவுளில் வெள்ளையாகப் பஞ்சு பிடித்தாற்போல் ஏதோ படர்ந்தது. சாப்பாட்டைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இவருக்கும் சோறு இறங்கவில்லை. போனில் தேடுவார், தொட்டியைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். நான் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் தொட்டி முழுக்கச் சாம்பார் நிறம்.

"என்னத்த போட்டீங்க?"

"மஞ்சள். கிருமிநாசினிதானே? உங்கம்மா எல்லாத்துக்கும் அதத்தானே பூசச் சொல்லுவாங்க."

எங்கம்மா பூசச் சொன்னது மனுஷனுக்கு. அதுவும் முழங்கால் சிராய்ப்புக்கு. நான் விழுது அரைக்க வைத்திருந்த மஞ்சள்தூளில் பாதி தொட்டிக்குள் இருந்தது. வெள்ளையாக இருந்த ஜந்து மஞ்சள் பூசிக் குளித்த கல்யாணப்பெண் மாதிரி மூலையில் நின்றது. அப்போதும் சிரிப்புதான். மகளுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன்.

"அப்பா! யூ குக்கிங் இட் ஆ?" என்று அலறினாள். "அது தோல் வழியாவும் மூச்சு விடும்ப்பா! மொதல்ல வெளிய எடுங்க! நல்ல தண்ணில விடுங்க!"

சேஃப்டி சூப்பர்வைசர் வலையைத் தேடி ஹாலுக்கும் சமையலறைக்குமாக ஓடினார். நான்தான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இட்லி மாவு கரைக்கிற பேசினைக் கழுவி, குளோரின் போக மருந்து கலந்து வைத்திருந்த நல்ல தண்ணீரை ஊற்றி, அதை வலையில் அள்ளி மாற்றினேன். கையில் ஜில்லென்று, வழவழவென்று, கனமே இல்லாமல் இருந்தது. அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அது என்ன செய்யும், பாவம். என்னை இந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு வா என்று அது கேட்டதா?

மகள் விசாரித்து இரண்டு வைத்தியம் சொன்னாள். பால், சீனி எதுவும் சேர்க்காத டீயை ஆறவைத்து, தினமும் கொஞ்ச நேரம் அதில் முக்கி வைக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் டப்பாவில் தண்ணீர் விட்டு, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். குளிரில் பூஞ்சை பரவாதாம்.

ஆக, காலையில் என் முதல் வேலை செல்லத்துக்குத் தே ஓ கொசோங் போடுவது. காப்பிக்கடைச் சீனத்தாத்தாக்கள் குடிக்கிற அதே வெறும் டீ. இவர் பக்கத்தில் நின்று கண்காணித்தார். "ரொம்ப ஸ்ட்ராங்கா போடாத. நல்லா ஆறட்டும். ஒரு நிமிஷம், நான் தொட்டுப் பாக்குறேன்." என் டீயை இத்தனை வருடமாகச் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து உறிஞ்சியவர், சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஃபிரிட்ஜில் இட்லி மாவு இருந்த தட்டில் செல்லம் குடியேறியது. மாவு வெளியே வந்து, ஒரே நாளில் பொங்கிப் புளித்து, அடுப்பு மேடையில் வழிந்தது. கதவைத் திறந்து கொத்தமல்லியை எடுக்கப் போனால், டப்பாவுக்குள்ளிருந்து அது என்னைப் பார்த்துச் சிரிக்கும். "சும்மா சும்மா தொறக்காத, சூடு உள்ள போயிடும்" என்று ஹாலிலிருந்து குரல் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை இவர் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனார். வெண்டைக்காய் வாங்கத்தான் போனார். திரும்பி வரும்போது நெற்றி நிறைய விபூதி, கையில் அர்ச்சனைத் தட்டுப் பை. சாதாரணமாக நான் இழுத்தால்தான் கோயிலுக்கு வருவார்.

"யாருக்கு அர்ச்சனை?"

"செல்லத்துக்குத்தான். அதுக்கு ஏது நட்சத்திரம்? உன் பேருக்கும் உன் நட்சத்திரத்துக்கும் பண்ணிட்டேன்."

"என் நட்சத்திரம் என்னன்னு சொன்னீங்க?"

"உன் நட்சத்திரம்தான், வேற என்ன?" என்று சொல்லிவிட்டு ஃபிரிட்ஜைத் திறக்கப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்குள் அடுத்த குண்டு விழுந்தது.

"இன்னொண்ணும்மா. அது பொழைச்சு வந்துட்டா, தைப்பூசத்துக்கு நீ பால்குடம் எடுக்கிறதா வேண்டிக்கிட்டேன்."

"நானா?"

"நான் எடுக்கலாம்தான். மூட்டுவலி இருக்குல்ல? வீட்ல யாரு எடுத்தா என்ன, முருகனுக்குத் தெரியாதா?"

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதைப் பழமொழியில் கேட்டிருக்கிறேன். என் தலையை எடுத்து முருகனுக்கு நேர்ந்துவிட்டதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, இந்தத் தடவை வயதின் சூடு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நான் மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது, இவர் என் தட்டிலிருந்த ஜெல்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்தச் சாமிக்கும் ஒரு முழம் பூவுக்குக்கூட வேண்டவில்லை. கேட்டால், "உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். எனக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு என்றைக்குமே ஒன்றும் ஆகாது. அதுதான் இந்த வீட்டில் எனக்குக் கிடைத்திருக்கிற பட்டம்.

அது பிழைத்துக்கொண்டது. டீயா, ஃபிரிட்ஜா, முருகனா தெரியாது. செவுளில் இருந்த பஞ்சு உதிர்ந்தது. மஞ்சள் சாயம் போய்ப் பழைய நிறம் வந்தது. வாயைத் திறந்து சாப்பிட்டது. சாமிக்கு நேர்ந்ததை மறுக்கிற தைரியம் எனக்கு இல்லை. விரதம் இருந்தேன்.

விரதம் என்றால் வீட்டுக்குள் கவுச்சி கூடாது. செல்லத்தின் சாப்பாடோ உறைய வைத்த ரத்தப்புழு. என் ஃபிரீசரில், தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில், சிவப்புச் சிவப்புக் கட்டியாக இருந்தது.

"இது வெளிய போகணும்" என்றேன்.

"அது சாப்பிடுறதுதானேம்மா. நீயா சாப்பிடப் போற?"

"விரதம் என் பேர்ல. ஃபிரீசரும் என் பேர்ல."

புழுவெல்லாம் சுவா சூ காங்குக்கு, மகள் வீட்டு ஃபிரீசருக்குப் போனது. அன்றிலிருந்து இவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எம்ஆர்டி ரயில் ஏறிப் போய், ஃபிளாஸ்கில் இரண்டு கட்டிப் புழு வாங்கி வந்து, வாசலுக்கு வெளியே நின்று கரைத்து, தட்டில் ஏந்தி உள்ளே கொண்டுவந்து ஊட்டினார்; அதை மட்டும் நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். மூட்டுவலி அப்போது எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா, "என்ன, உங்க வீட்டுக்காரர் அடிக்கடி வாசல்ல சூப்பு கலக்குறாரு?" என்று மலாயில் விசாரித்தாள். ஆமாம், ரொம்ப விசேஷமான சூப்பு என்றேன்.

தைப்பூசத்தன்று விடிந்ததும், பால்குட ஊர்வலம் கிளம்புகிற சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போனோம். மஞ்சள் புடவை, ஈரத்தலை, தேக்காவில் வாங்கிய பித்தளைக் குடம். நீளமான வரிசை. குடத்தைத் தூக்குவதற்கு முன்னால் சங்கல்பம் செய்து வைக்கிற குருக்கள் ஒவ்வொருவராகப் பெயர், நட்சத்திரம் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. வாயைத் திறக்க இருந்தேன். எங்கே போனாலும் எனக்காகப் பதில் சொல்லிப் பழக்கப்பட்டவர் ஆயிற்றே, இவர் முந்திக்கொண்டார். என் பெயரைச் சொன்னார்.

"நட்சத்திரம்?"

"ரோகிணி" என்றார், கண்ணை மூடி, பக்தியோடு.

ரோகிணி. எந்த ஜோசியரும் என் விஷயத்தில் உச்சரிக்காத ஒரே நட்சத்திரம் அதுவாகத்தான் இருக்கும். இவர் அம்மாவுடையதும் இல்லை, மகளுடையதும் இல்லை. கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்த நட்சத்திரம் இந்த மனுஷனுக்கு மறந்துபோயிருக்கிறது. தொட்டியின் தண்ணீர் எத்தனை டிகிரி என்பது மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வரும். குருக்கள் மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"நிறுத்துங்க சாமி. அது எங்க வீட்டுச் செல்லத்தோட நட்சத்திரம். எனக்குக் கேட்டை."

குருக்கள் என்னையும் இவரையும் பார்த்தார். "செல்லம் யாரும்மா, பேத்தியா?"

"அவரையே கேளுங்க."

இவர் தரையைப் பார்த்தார். பின்னால் வரிசை நெருக்கியது. குருக்கள் நல்ல மனுஷர். "சரி, ரெண்டு பேருக்கும் சேர்த்தே பண்ணிடறேன்" என்று முதலில் என் பெயரையும் கேட்டையையும் சொன்னார். அடுத்து, ரோகிணி நட்சத்திரத்தில் பிறந்த செல்லத்துக்கும் குடும்ப க்ஷேமம், ஆயுள், ஆரோக்கியம் எல்லாம் சித்திக்கும்படி சங்கல்பம் செய்து அட்சதை போட்டார். கடல் கடந்து வந்த ஜந்துவுக்கு இதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்?

குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். சிலிகி ரோடு தாண்டும்போது தார் சூடேறத் தொடங்கியது. இவர் இரண்டடி பின்னால், செருப்பில்லாமல், என் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் குடம் எடுத்து வந்த ஒரு பெண், "யாருக்காகக்கா வேண்டுதல்?" என்று கேட்டாள்.

"வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு."

"வீட்டுக்காரருக்கா? இப்ப நல்லாயிட்டாங்களா?"

"நல்லா இருக்கு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா புழு சாப்பிடுது."

அவள் அதற்குப்பிறகு வேகமாக நடந்துவிட்டாள். டேங்க் ரோடு முருகன் கோயிலில் பாலைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டபோது எனக்கு அழுகை வந்தது. சுற்றியிருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். பக்தியில்லை, ஆத்திரம். இத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், இந்த ஆளுக்கு நான் யார் என்று தெரியவில்லையே என்கிற ஆத்திரம். முருகனைச் சும்மா பார்த்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் சமையலறைக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தேன். இவர் காலெல்லாம் கொப்புளம். விடிந்ததிலிருந்து செல்லம் தனியாக இருந்ததே என்கிற கவலை வேறு. வாசலுக்குப் பக்கத்திலிருந்த சோஃபாவிலேயே, தொட்டி ஓரமாக, என் இடத்தில் தொப்பென்று உட்கார்ந்து கண்ணாடிக்குள் பார்த்தார். இவர் அந்த இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பெட்டி ஒருமுறை நடுங்கி, உறுமத் தொடங்கியது.

"ஏய்! என்ன இது, கழுத்துல இப்படி அனலா அடிக்குது!" என்று துள்ளி எழுந்தார். "இந்தச் சூட்டுல செல்லத்துக்கு ஏதாவது ஆயிடப்போகுதும்மா!"

டீயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

"செல்லத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதோட தண்ணி பதினெட்டு டிகிரியிலதான் இருக்கு. அதுகிட்டேருந்து எடுத்த சூடுதான் இந்தப் பக்கம் வருது. போன ஜூன் மாசத்துலேருந்து நான் அங்கதான் உக்கார்றேன்."

இவர் கையை அந்த ஓட்டைக்கு முன்னால் நீட்டிப் பார்த்தார். எடுத்தார். மறுபடி நீட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நனைந்துபோன ரவிக்கைக் கழுத்தை, நெற்றியில் கரைந்து ஓடிய விபூதியைப் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். "நீ ஏன் சொல்லல?" என்று கேட்க வாயெடுத்தவர், நான் சொன்னது ஞாபகம் வந்தோ என்னவோ, மூடிக்கொண்டார். குனிந்து பெட்டியை நகர்த்தப் போனார்.

"விடுங்க. ஒயர் எட்டாது" என்றேன். "உக்காருங்க. டீ குடிங்க."

உட்கார்ந்தார். நான் போய் இவருடைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். நல்ல நாற்காலி. ஃபேன் நேராகத் தலைக்கு மேலே இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. இவர் அனலுக்குப் பக்கத்தில் சூடான டீயைக் குடித்தார். கழுத்தில் வேர்வை வழிந்து சட்டைக்குள் இறங்கியது. துண்டால் துடைத்தார். மறுபடி வழிந்தது.

"நாளைக்கே ஏர்கான் ஆளைக் கூப்பிடுறேன்" என்றார் மெல்ல. "ஹாலுக்கு."

"யாருக்கு?"

"உனக்குத்தான்மா."

இவர் டீயைக் குடித்து முடித்து, எழுந்திருக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார்.

"என் நட்சத்திரம் என்ன?" என்றேன்.

"கேட்டை!" பள்ளிக்கூடப் பையன் மாதிரி உடனே சொன்னார்.

"ராசி?"

இவர் தொட்டியைப் பார்த்தார். செல்லம் சிரித்துக்கொண்டிருந்தது.

"உக்காருங்க" என்றேன்.